அந்தமானிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,  

கனடாவிலிருக்கும் உன் ஜ்யேஷ்ட புத்திரன், சிவந்த மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடக்கும் வனப்பாதையில், கம்பளிச் சட்டை தரித்த நாயுடன் உலாவும் படத்தை எனக்கும் அனுப்பிவைத்து, "உன் தீவில் இலையுதிர்காலம் கிடையாதா?" என்று கேட்டிருந்தாய். இங்கே ஐப்பசியில் உதிர்வது மழையும், அது ஓய்ந்தால் கணுக்காலை நாடி வரும் அட்டைகளுந்தான். நம்மூர் வேங்கைக்கு நெருங்கிய பந்துவான படாக் மரம் இலை உதிர்ப்பது கோடைக்குச் சற்று முன்புதான். கர்ஜன் மரத்துக்கோ அந்த விரதமே இல்லை.

எனினும், நாய்களுடன் வனசஞ்சாரம் செய்யும் பாக்கியம் உன் மகனுக்கு மட்டுமே உரியதன்று. போர்ட் பிளேயருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் சிடியா டாப்புவிலிருந்து முண்டா பகாட் குன்றுக்குக் காட்டினூடே ஏறும் பாதையில், கறுப்பன், செவலை என்னும் இரு தெருநாய்கள், அழையாமலே என்னை அழைத்துச் செல்கின்றன. 1858-இல் வெள்ளைக்காரன் கைதிகளைக் குடியேற்றும்வரை இத்தீவின் ஆதிவாசிகள் நாயையே அறியார்களாம். பின்னர் அதைக் கொண்டே பன்றி வேட்டையில் வல்லவர்களானார்கள். என் பரிவாரமோ பன்றியின் வாசனை வந்ததும் என் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

சங்கடமெல்லாம் கடிகாரத்தால்தான். பாரத தேசம் முழுவதற்கும் மணி காட்டும் தீர்க்கரேகை 82½ பாகையில், மிர்ஸாப்பூர்ப் பக்கம் ஓடுகிறது. நாங்களோ ஏறக்குறைய 93-இல் கிடக்கிறோம். ஆகையால் சூரிய பகவான் எங்களிடம் நாற்பது நிமிஷம் முந்தி வந்து, முந்தியே விடைபெறுகிறார். ஐப்பசியில் மணி ஐந்து அடிக்குமுன் அஸ்தமனம்! நாலே முக்காலுக்கு விளக்கேற்றி, ஆறரைக்குச் சாப்பிட்டு, எட்டு மணிக்கு அத்தான் தொலைபேசியில் கூப்பிடும்போது நான் அர்த்தஜாமத்தில் எழுப்பப்பட்டவனாகக் கொட்டாவி விடுகிறேன், அவரோ, "அதற்குள் தூக்கமா, சோம்பேறி!" என்கிறார். காலை ஐந்தேகாலுக்கு முகத்தில் வெயில் அடிக்கும் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? மாலை உலாவுக்கு நான் மத்தியானச் சாப்பாட்டின் ஏப்பம் அடங்குமுன்பே புறப்பட வேண்டியிருக்கிறது. நாய்கள் மிர்ஸாப்பூரை மதிப்பதில்லை. இரண்டரைக்கே வாசலில் நின்று குரைக்கின்றன.

குன்றின் விளிம்பில் நின்றால் கீழே சமுத்திரம், எதிரே நீலத் தீவுகள். கனடாக்காரன் இதைப் பார்த்தால் மேப்பிள் இலையை மறந்துவிடுவான் என்று நான் சத்தியமே செய்வேன். ஆனால் அந்தச் சமயத்தில் என் மனம், நம் வீட்டுத் திண்ணையில் அடைமழையைப் பார்த்துக்கொண்டு நீ உரிக்கும் வேர்க்கடலையின் பின்னால் போய்விடுகிறது.

போகட்டும், ஒரு நியாயம் கேட்கிறேன். அவன் ஆகாய மார்க்கமாக ஒன்றிரண்டு நாளில் வந்து இறங்குகிறான்; நான் கப்பலேறினால் சென்னையைக் காண மூன்று நாள் ஆகிறது. இருந்தும் அவன் 'வெளிநாடு' என்பதால் தீபாவளிக்கு முறுக்கும் லேகியமும் பார்சல் போகின்றன. நான் 'உள்நாடு' என்பதால் வாழ்த்து மட்டும் வருகிறது! இவ்வருஷமாவது லேகியம் ஒரு டப்பாவும், முறுக்குச் சற்று அதிகமாகவும் அனுப்பு. கறுப்பனுக்கும் பங்கு உண்டு. அத்தானின் மூக்குப்பொடியில் ஒரு மட்டையும் வை. அட்டைக்கு அது ஆகுமா என்று பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தம்பி