ஸ்டார்ட் பொத்தான் இடம்பெயர்ந்த வரலாறு: சமயநல்லூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கணினித் திரையின் சீர்மை பற்றி அறிஞர்கள் நிறைய எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவ்வளவு எழுத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அதில் எதுவும் மதுரை – திண்டுக்கல் சாலையோரத்து ஜெராக்ஸ் கடையில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதப்பட்டதல்ல. அக்குறையைப் போக்க வந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்களம் சமயநல்லூர். ரயிலில் வருவோருக்குக் கூடல்நகருக்கும் சோழவந்தானுக்கும் நடுவிலுள்ள நிலையம். சாலையில் வருவோருக்குக் கப்பலூர்ப் புறவழிச்சாலை பிரிகிற இடம். ஒரு காலத்தில் இவ்வூர்ப் பெயரில் சட்டமன்றத் தொகுதியே இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. நேற்றுவரை மெனுவில் இருந்த ஒன்று இன்று காணாமல் போனால் எப்படியிருக்கும் என்பதை இவ்வூரார் ஜனநாயக முறையிலேயே அறிந்தவர்கள். களத்தேர்வு பொருத்தமானதே.

ஜெராக்ஸ் கடை எதற்கு என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். ஐகான், ஜன்னல், மவுஸ் என்று நாம் இன்று காணும் திரையின் வடிவம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் உருவானது. 1973-இல் ஆல்ட்டோ என்ற இயந்திரத்தைச் செய்து பார்த்தார்கள். 1981-இல் ஸ்டார் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தார்கள். பலன் கண்டவர்கள் பின்னால் வந்த ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும். ஜெராக்ஸுக்கு நகல் எடுக்கிற பெயர்தான் மிச்சம். ஆகவே இவ்வழக்கை விசாரிக்கும் அதிகார வரம்பு சட்டப்படி ஜெராக்ஸ் கடைகளுக்கே உரியது என்பது ஆய்வாளரின் துணிபு.

இனி வழக்கின் தோற்றம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. கடையின் இரண்டு கணினிகளில் கிழடு தட்டிய ஒன்று, டிபிஎம் 2.0 இல்லாத காரணத்தால் தப்பித்தது. மற்றது 11-க்கு மாறியது. மறுநாள் காலை டிடிபி அக்கா வந்து உட்கார்ந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று அவ்வட்டாரத்தின் நல்லது கெட்டது எல்லாம் இவர் கை வழியாகத்தான் போகும். சாயங்காலத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கல்லூரித் தம்பியும் அன்று சீக்கிரமே வந்திருந்தான்.

"ஏன்டா, ஸ்டார்ட்ட எங்கிட்டுடா கொண்டுபோய் வச்சிருக்கான்?"

"நடுவுல இருக்குக்கா. இப்ப அப்படித்தான்."

"நடுவுல வைக்கச் சொல்லி எவன்டா கேட்டான்? ஓரத்துல கெடந்தா மவுச இழுத்து விட்டாத் தானாப் போயி முட்டிக்கும்."

"பாக்க நல்லா இருக்குல்லக்கா."

"பாக்கவாடா வந்திருக்கேன்? மத்தியானத்துக்குள்ள பத்திரிகை குடுக்கணும்."

மேலோட்டமாகப் படிப்போர் இதில் சினத்தை மட்டுமே காண்பர். தானாகப் போய் முட்டிக்கொள்ளும் என்று அக்கா சொன்னது, பால் ஃபிட்ஸ் 1954-இல் வெளியிட்ட விதியின் கிளைத்தேற்றம். இலக்கு எவ்வளவு பெரிதோ, எவ்வளவு பக்கமோ, அவ்வளவு சீக்கிரம் கை போய்ச் சேரும் என்பது அவ்விதி. திரையின் மூலைக்கு அப்பால் மவுஸ் போக இடமில்லை. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அங்கேதான் நிற்கும். மூலையில் இருக்கும் பொத்தான் கண்ணுக்குச் சிறிதாயினும் கைக்கு எல்லையற்றது. ஃபிட்ஸ் சமன்பாடு எழுதினார். அக்கா பத்திரிகை அடித்தார். வேறுபாடு அவ்வளவே.

ஸ்டார்ட் பொத்தான் 24 ஆகஸ்ட் 1995 அன்று விண்டோஸ் 95 உடன் இடது மூலையில் எழுந்தருளியது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதை எடுத்துவிட்டது; கூச்சல் கிளம்பி, அடுத்த ஆண்டே 8.1-இல் திரும்பி வந்தது. 5 அக்டோபர் 2021 அன்று வெளியான 11 அதை நடுவுக்கு நகர்த்தியது. இதில் முன்னோர் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. நடுவில் வைக்கப்பட்டது ஸ்டார்ட் அல்ல, ஐகான் வரிசை முழுவதும். புதிதாக ஒன்றைத் திறந்தால் வரிசை நீளும், ஸ்டார்ட் இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். மூடினால் மறுபடி உள்ளே வரும். இடையில் ஓராண்டுத் தலைமறைவு நீங்கலாக, அத்தனை காலம் மூலவராக இருந்தவர் இப்போது உற்சவர். அன்றன்று எங்கே எழுந்தருளியிருக்கிறார் என்று சேவிப்பவர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நிற்க. ஆய்வின் மையக் கருதுகோளுக்கு வருவோம். சீர்மை இருவகைப்படும். இன்று ஒரே திரையில் தெரிகிற எல்லாம் ஒன்றுபோல் இருப்பது பக்கச்சீர்மை. இன்றைய திரை நேற்றைய திரைபோல் இருப்பது நாட்சீர்மை. (பெயர்கள் ஆய்வாளர் இட்டவை, பல்கலைக்கழகம் வேறு பெயர் விரும்பினால் ஆட்சேபணை இல்லை.) தம்பிக்கு வேண்டியது முன்னது, அக்காவுக்கு வேண்டியது பின்னது. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்" என்றுதான் இருவருமே சொல்கிறார்கள். ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே சண்டை போடுவதால்தான் சண்டை தீரவில்லை.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. பக்கச்சீர்மை வேண்டுமென்றால் பழைய ஜன்னல்கள் அத்தனையையும் ஒரே இரவில் மாற்றியாக வேண்டும். விடிந்தால் அக்கா கடைக்கு வரமாட்டார். நாட்சீர்மை வேண்டுமென்றால் எதையும் தொடக் கூடாது. தம்பி போன் திரையைக் காட்டி, கணினி ஏன் தாத்தா காலத்தில் இருக்கிறது என்பான். இரண்டு பேருக்கும் பயந்த நிறுவனங்கள் கண்ணில் படுவதை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே கிடப்பதை அப்படியே விட்டுவிடுகின்றன. கன்ட்ரோல் பேனல் 1985-இல் வந்த முதல் விண்டோஸிலேயே இருந்தது. 2012-இல் செட்டிங்ஸ் வந்தது. இரண்டும் இன்றுவரை கூட்டுக்குடித்தனம். செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய் மேலும் சில அமைப்புகள் என்று அழுத்தினால் பழைய கன்ட்ரோல் பேனலின் ஜன்னல்தான் எழுந்து வரும். வலது கிளிக் மெனுவும் இப்படியே. 2021-இல் புது மெனு வந்தது. கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் எழுத்தை இழந்து வெறும் படமாயின. படம் புரியவில்லை என்ற குரல் எழுந்து 2024-இல் படத்துக்குக் கீழே எழுத்து வந்தது. அப்படங்கள் மெனுவின் தலையில் நிற்கும். மெனு மேல்நோக்கித் திறந்தால் காலடிக்கு இறங்கிவிடும். அதன் கடைசி வரியில் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்றிருக்கும். அழுத்தினால் பழைய மெனு முழுசாக வந்து நிற்கும், தன்னை யாரும் ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை என்பதுபோல.

முன்னோர் ஆய்வுகளுள் ஒன்றை மட்டும் இங்கே சுட்டுவோம். ஜொனாதன் க்ரூடின் என்பவர் 1989-இல், இடைமுகச் சீர்மைக்கு எதிரான வழக்கு என்றே பொருள்படத் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். சீர்மையே குறி என்று இருந்தால் வேலை கெடும், ஆட்கள் எந்த வேலைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள் என்பது அதன் சாரம். இதை அக்காவிடம் எடுத்துச் சொன்னபோது, தலை நிமிராமல், "அந்தப் பையனுக்கு வெவரம் இருக்கு" என்றார்.

பழையதன் ஆயுள் குறித்து இன்னொரு சான்று, பென் டிரைவ். பாட்டு ஏற்றவும் வைரஸ் நீக்கவும் கடைக்கு வருகிற பென் டிரைவ்களை ஃபார்மட் செய்கையில் ஒரு சிறு ஜன்னல் திறக்கிறதல்லவா, நெட்டுக்குத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாய்ப் பெட்டிகள் அடுக்கி? அதை எழுதியவர் டேவ் பிளம்மர், மைக்ரோசாஃப்டின் முன்னாள் பொறியாளர். 1994 இறுதியில், நல்ல வடிவமைப்பு ஒன்று வரும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக எழுதியதாக 2024-இல் அவரே சொன்னார். நல்லது வரவில்லை. தற்காலிகம் முப்பது ஆண்டு கண்டது. தாசில்தார் அலுவலகத் தற்காலிகக் கொட்டகைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆனால் பழையதைப் பெயரோடு விட்டுவைத்துப் புதியதை நடத்துவது மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்ததல்ல. இங்குதான் களத்தின் அருமை விளங்குகிறது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது எந்த வீதியில்? சித்திரை வீதி என்று விடை எழுதும் வெளியூர் மாணவர் தேர்வில் தோற்பார். தேர் ஓடுவது மாசி வீதிகளில். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்பது மரபுச் செய்தி. மாதம் மாறிற்று, பெயர்ப்பலகை மாறவில்லை.

அதோடு போகவில்லை. அழகர் அதற்கு முன்பு மதுரைக்கு வந்து ஆற்றில் இறங்கியவரல்லர். சமயநல்லூருக்குப் பக்கத்திலிருக்கும் தேனூரில்தான் வைகையில் இறங்கிக்கொண்டிருந்தார் என்பார்கள். நாயக்கர் அவரை மாநகருக்கு வரவழைத்தார். வடிவமைப்பு மொழியில் சொன்னால், ஓரத்தில் இருந்த பொத்தானை நடுவுக்குக் கொண்டுவந்தார். தேனூர்க்காரர்கள் என்ன ஆனார்கள்? வண்டியூர்ப் பக்கம் வைகைக்குள் அழகர் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கும் மண்டபத்துக்கு இன்றும் பெயர் தேனூர் மண்டபம். இடம் போனாலும் பெயரும் மரியாதையும் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டன. சேமிப்பதற்கு ஃபிளாப்பி வட்டின் படத்தை அழுத்துகிறோம், ஃபிளாப்பியைத் தொட்டே பார்த்திராத தம்பி உட்பட. மாசி வீதியில் சித்திரைத் தேர் பார்க்கிற ஊருக்கு அது உறுத்தாது.

எதிர்த்தரப்பையும் கேட்பதே ஆய்வு நேர்மை. தம்பியின் வாதம் வலுவற்றதன்று. திரையைக் கறுப்பாக்கிவிட்டு ஒரு கோப்பை நகலெடுத்தால், நகலெடுக்கும் ஜன்னல் மட்டும் பல ஆண்டுகள் வெள்ளை வெளேரென்றுதான் வந்தது. "ராத்திரி நேரத்துல டார்ச்ச மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்ணே" என்கிறான். மூலை விஷயமும் அவனுக்குப் பொறுக்கவில்லை. எக்ஸ்பியில் உருண்டை, 7-இல் உருண்டை, 8-இலும் 10-இலும் கூர்மை, 11-இல் மறுபடி உருண்டை. கட்சி மாறுவதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா? ஆப்பிளுக்குப் போகலாம் என்றால், செப்டம்பர் 2025-இல் வந்த டாஹோ பதிப்பில் ஜன்னலுக்கு ஜன்னல் மூலையின் வளைவு வேறுபடுகிறது. உபுண்டு 2010-இல் ஜன்னல் மூடும் பொத்தானை வலமிருந்து இடத்துக்கு மாற்றி, 2017-இல் திரும்ப வலத்துக்கே கொண்டுவந்தது. நன்னூலார் பழையதைப் போகவும் புதியதை வரவும் அனுமதித்தார். பழையது போகாமலிருக்கப் புதியதும் வந்து, பிறகு பழையதே புதியதாக வந்தால் என்ன செய்வது என்பதற்குச் சூத்திரம் செய்யவில்லை.

கருதுகோளுக்கு இறுதிச் சான்று அக்காவின் திரையே. விண்டோஸ் 11-இன் உருண்டை ஜன்னல்களுக்கு நடுவே அவர் திறந்து வைத்திருப்பது பேஜ்மேக்கர் 7.0. 2001-இல் வெளிவந்தது, அதற்குப் பின் அதில் புதுப் பதிப்பே கிடையாது. சாம்பல் நிறம், சதுரப் பொத்தான், பல் விளக்காத தோற்றம். அதில் தட்டுவது பழைய டைப்ரைட்டர் விசைமுறையில். அரசு 1999-இல் தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரித்தது, 2010-இல் யூனிகோடை ஏற்றது. அரசு அலுவலகத்துக்குப் போகிற மனு என்றால் அக்கா யூனிகோடு. பத்திரிகை என்றால் பழைய எழுத்துரு. ஒரே திரையில் மூன்று காலம், இரண்டு குறியாக்கம். பக்கச்சீர்மை என்பது இம்மியும் இல்லை. இது கண்ணை உறுத்தவில்லையா என்று கேட்டதற்கு, "எது?" என்றார். உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். பேஜ்மேக்கர் நேற்று இருந்த இடத்தில் இருக்கிறது. அதனால் அவர் கண்ணுக்கு அது அழகு அசிங்கம் என்ற கணக்கிலேயே வருவதில்லை. நகர்ந்தது ஸ்டார்ட் ஒன்றுதான். சண்டையும் அதோடுதான்.

வழக்கின் தற்போதைய நிலை. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய் அலைன்மென்ட்டை மாற்றினால் ஸ்டார்ட் இடப்பக்கம் போய்விடும். தம்பியே மாற்றிக் கொடுத்தான். சாயங்காலம் தான் உட்கார்ந்ததும் நடுவுக்கு இழுத்துக்கொண்டான். காலையில் அக்கா மறுபடி இடப்பக்கம். ஆளுக்கொரு யூசர் வைத்தால் தீராதா என்ற ஆய்வாளரின் முன்மொழிவைக் கடைக்காரர் ஏற்கவில்லை. "வேணாம் சார், இந்தப் பிரின்டரு ஒரு யூசர்ட்டதான் ஒழுங்காப் பேசுது" என்றார். ஆகவே கடை திறந்ததும் லைட், ஃபேன், அலைன்மென்ட் என்று ஒரு வரிசை ஏற்பட்டுவிட்டது. இருவருமே வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டார்ட் எந்தப் பக்கம் இருக்கும் என்று கடைக்காரரிடம் வினவப்பட்டது.

"அதெல்லாம் பாத்ததில்ல சார். எனக்குக் கீபோர்டுலயே ஒண்ணு இருக்குல்ல, அதத் தட்டிருவேன்."