ஐந்து அங்குல சாம்ராஜ்யம்

சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று பீற்றிக்கொண்ட பிரிட்டன், இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-ல், தன் குடிமக்களின் குளியல் தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்து சேர்ந்தது. ஐந்து அங்குலத்துக்கு மேல் வெந்நீர் பிடிக்காதீர்கள் என்று அரசாங்கம் கெஞ்சியது. உத்தரவு போடவில்லை, கெஞ்சத்தான் செய்தது. ஏன் என்பது தனிக் கூத்து.

வெந்நீர் என்றால் நிலக்கரி. அந்தத் தீவே நிலக்கரி மேல்தான் உட்கார்ந்திருந்தது. தோண்டத்தான் ஆள் இல்லை. சுரங்கத்து வாலிபர்கள் பட்டாளத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள். 1939-ல் சுமார் 23 கோடி டன் வெட்டிய நாடு, 1942-ல் 20 கோடி சொச்சத்தில் மூச்சு வாங்கியது. வர்த்தக அமைச்சர் ஹியூ டால்டன், வீட்டு எரிபொருளுக்குக் கூப்பன் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, திட்டம் தீட்டும் வேலையை வில்லியம் பெவரிட்ஜ் தலையில் கட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் சமூகப் பாதுகாப்பு அறிக்கை கொடுத்துச் சரித்திரத்தில் இடம்பிடித்த அதே பெவரிட்ஜ்தான். மனுஷர் திட்டத்தைக் கச்சிதமாகவே போட்டுக் கொடுத்தார்.

கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் குதித்தார்கள். வெண்ணெய்க்குக் கூப்பன் போட்டபோது பொறுத்தார்கள், இறைச்சிக்குப் போட்டபோதும் பொறுத்தார்கள். தங்கள் கணப்படுப்புக்கு என்றதும் சுதந்திரம் பறிபோகிறது என்றார்கள். சர்ச்சிலின் கூட்டணி அரசு அவர்களை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. திட்டம் பரணுக்குப் போனது. ஆறுதல் பரிசாக, எரிபொருளுக்கென்றே ஒரு புது அமைச்சகம் 1942 ஜூனில் பிறந்தது. அதன் அமைச்சர் க்விலிம் லாயிட் ஜார்ஜ், முன்னாள் பிரதமர் லாயிட் ஜார்ஜின் மகன். வாரிசு அரசியலுக்கு நாம்தான் காப்புரிமை வாங்கியிருக்கிறோம் என்று நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கூப்பன் கையை விட்டுப் போனதால் மிச்சமிருந்தது சுவரொட்டியும் மனசாட்சியும்தான். ஐந்து அங்குலம் இப்படித்தான் வந்தது. தொட்டிக்குள் யார் எட்டிப் பார்ப்பது? போலீஸ்காரர் குளியலறைக் கதவைத் தட்டுவதை எந்த ஆங்கிலேயரும் ஏற்க மாட்டார். ஆகவே அரசரே முன்மாதிரியாக இறங்கினார். பக்கிங்ஹாம் அரண்மனைத் தொட்டிகளில் ஐந்து அங்குல உயரத்தில் கோடு போட வைத்தார் ஆறாம் ஜார்ஜ். அந்த அக்டோபரில் விருந்தாளியாக வந்து தங்கிய அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், கோட்டையும் பார்த்தார், குளிரில் நடுங்கும் அறைகளையும் பார்த்தார். சாப்பாடு மட்டும் தங்கத் தட்டிலும் வெள்ளித் தட்டிலும் வந்தது. தட்டில் இருந்தது ஊரெல்லாம் தின்ற அதே போர்க்கால ரொட்டி. தட்டுக்குத்தான் ரேஷன் கிடையாதே!

ஐந்து அங்குலத்தில் என்ன பெரிய நியாயம் இருக்கிறது என்று தெரியவில்லை. பருமனானவர் உட்கார்ந்தால் ஆர்க்கிமிடீஸ் துணைக்கு வந்து தண்ணீரை மார்பு வரை ஏற்றிவிடுவார். ஒல்லியானவருக்குத் தொடை நனைந்தால் அதிர்ஷ்டம். ஒரு வாளியும் சொம்பும் கொடுத்திருந்தால் விவகாரம் ஒரே நாளில் முடிந்திருக்கும். படுத்தால்தான் குளியல் என்று நம்புகிற தேசத்திடம் சொம்பை நீட்ட எந்த அமைச்சருக்குத் துணிச்சல் வரும்? பிரதமர் சர்ச்சிலோ தினம் இரண்டு வேளை தொட்டியில் ஊறுகிறவர். ஊறியபடியே கடிதம் சொல்லி எழுத வைப்பவர். அந்தத் திருமேனி ஐந்து அங்குலத்தில் எத்தனை சதவீதம் நனையும் என்பதைக் கணக்கு வாத்தியார்களிடம் விட்டுவிடலாம்.

நிலக்கரிக்குத் தயங்கிய அரசு அதற்கு முந்தைய ஆண்டே துணிக்குக் கூப்பன் போட்டிருந்தது. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அப்போது சர்ச்சிலின் கவனம் வேறெங்கோ இருந்தது. துணிக்கு ரேஷன் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. அன்றைய வர்த்தக அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன் நேரம் பார்த்து ஃபைலை நீட்டினார். 1941 மே மாதக் கடைசி. பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை அட்லாண்டிக்கில் துரத்திக்கொண்டிருந்த நேரம். கப்பல் மூழ்குமா மூழ்காதா என்ற படபடப்பில் இருந்த பிரதமர், என்னவோ செய்து தொலையுங்கள் என்கிற பாணியில் தலையாட்டிவிட்டார். கப்பல் மே 27 அன்று மூழ்கியது. ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, கடைகள் மூடியிருந்த வேளையில், வானொலியில் அறிவிப்பு வந்தது. ரகசியம் கசிந்துவிடும் என்று துணிக் கூப்பனை அச்சடிக்கக்கூட இல்லை. ரேஷன் புத்தகத்தில் மிச்சம் கிடந்த மார்ஜரின் கூப்பனே இனி துணிக்கும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். ரொட்டியில் தடவ வைத்திருந்த தாளைக் கொடுத்து ஜனங்கள் கோட்டு வாங்கினார்கள்.

முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். ஆண்கள் சூட் ஒன்றுக்கு மட்டும் 26. அதோடு விட்டார்களா? அடுத்த ஆண்டு டால்டன் தையல் கடைக்குள்ளேயே புகுந்துவிட்டார். பேண்ட்டின் கால் நுனியை வெளிப்பக்கமாக மடித்துத் தைக்கக் கூடாது. கோட்டில் இரட்டை வரிசைப் பொத்தான் கூடாது. பாக்கெட்டுகளுக்கும் கணக்கு. குண்டு மழையை டீ குடித்துக்கொண்டே சமாளித்த கனவான்கள், கால் மடிப்பு போனதும் கதறிவிட்டார்கள். பாராளுமன்றத்தில் கேள்வி, பத்திரிகைகளில் ஆசிரியருக்குக் கடிதம். டால்டன் அசரவில்லை. இந்தப் போரில் சிலருக்கு உயிரும் அங்கமும் போகிறது, சிலருக்குக் கால்சட்டை மடிப்பு மட்டுமே போகிறது என்று ஒரு குத்து குத்தினார்.

தையல்காரருக்கா வழி தெரியாது? வாடிக்கையாளரின் கால் திடீரென்று இரண்டு அங்குலம் நீண்டுவிட்டதாகப் பேரேட்டில் எழுதுவார். நீளமாகத் தைத்த பேண்ட் வீட்டுக்குப் போகும். மீதி மனைவியின் ஊசியில் நடக்கும். மிச்சம் பிடிக்க வேண்டிய துணி மடிப்புக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. 1944-ல் டால்டன் தடையை நீக்கினார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: துணி ரேஷன் நியாயமாகத்தான் நடந்தது. பிரபுவுக்கும் பால்காரருக்கும் அதே 66. நிலக்கரியில்தான் மனசாட்சியிடம் மனுப் போட்டார்கள்.

உலோக வேட்டை வேறு ரகம். 1940-லேயே விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு, அலுமினியப் பாத்திரங்களைத் தாருங்கள், விமானம் செய்கிறேன் என்று கேட்டதும், நாட்டுப் பெண்கள் சமையலறையைத் துடைத்துக் கொடுத்தார்கள். கடையில் புது அலுமினியச் சட்டிகள் பாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தன. அடுத்து வேலிகள். வீட்டு முகப்பிலிருந்தும் பூங்காவிலிருந்தும் இரும்புக் கம்பிகளை அறுத்து லாரியில் ஏற்றினார்கள். கலை மதிப்போ சரித்திர மதிப்போ உள்ள வேலிக்கு விலக்கு உண்டு. தங்கள் வேலிக்குச் சரித்திரம் இருப்பது பலருக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கும். அள்ளியது பத்து லட்சம் டன்னுக்கு மேல். அத்தனையும் உருக்கப்பட்டதா? பெரும்பகுதியைத் தேம்ஸ் கழிமுகத்தில் கொட்டிவிட்டார்கள் என்ற வதந்தி லண்டனில் இன்னும் ஓயவில்லை.

அதே காலத்தில் விமானத் தாக்குதலில் அடிபடுபவர்களைத் தூக்க, எஃகுக் குழாயும் கம்பி வலையும் கொண்ட ஸ்ட்ரெச்சர்களை மலை மலையாகச் செய்து குவித்தார்கள். நல்ல வேளை, பயந்த அளவுக்கு ஆட்கள் அடிபடவில்லை. போர் முடிந்ததும் புதுக் குடியிருப்புகளுக்கு வேலி தேவைப்பட்டது. இருந்த வேலியைத்தான் அறுத்தாயிற்றே. ஸ்ட்ரெச்சர்களைப் பக்கவாட்டில் நிறுத்திப் பற்றவைத்தார்கள். தென் லண்டனில் பெக்கம், டெட்ஃபர்ட் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். தரையில் படாமல் நிற்பதற்காகக் கொடுத்த வளைவு குழாயில் அப்படியே இருக்கும். இவற்றுக்குச் சரித்திர மதிப்பு உண்டு, காப்பாற்ற வேண்டும் என்று வாதாட இப்போது ஒரு சங்கமே இருக்கிறது. அடுத்த முறை லாரி வந்தால் விலக்குக் கேட்க ஆள் தயார்.