விளையாட்டு விதிநூலின் வைப்புமுறை: ஓர் இலக்கண விசாரணை

பாயிரம்

யாதொரு சாஸ்திரத்தையும் தொடங்குமுன் அதன் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் தெளிவுறுத்திக்கொள்ளுதல் பெரியோர் வகுத்த மரபு. அம்மரபுக்குப் பங்கமின்றி, இவ்வாராய்ச்சியின் விஷயம் மேஜைமீது பரப்பி ஆடும் விளையாட்டுகளின் பெட்டிக்குள், காய்களுக்கும் பகடைகளுக்கும் அடியில், மடித்து வைக்கப்பட்டிருக்கும் விதிநூல் என்றும், பிரயோஜனம் இல்லறத்தின் சமாதானம் என்றும், சம்பந்தம் விதிக்கும் வழக்குக்கும் இடையே அநாதி காலமாக இருந்துவரும் உறவே என்றும் முதற்கண் கூறிவைக்கிறோம். நான்காவதான அதிகாரி, அதாவது இந்நூலைப் படிக்கத் தகுதி பெற்றவர், யார் என்னும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. வாழ்நாளில் முதன்முறையாகப் பகடையைக் கையில் எடுப்பவரும், அதே ஆட்டத்தை ஆடி ஆடிப் பலகையின் மூலைகளைத் தேய்த்துவிட்டவரும் ஒரே புத்தகத்தையே புரட்ட வேண்டியிருக்கிறது. முன்னவருக்கு ஒன்றும் புரிவதில்லை, பின்னவருக்குத் தேடியது அகப்படுவதில்லை. கோபம் மட்டும் இருவருக்கும் பொதுவாக வந்துசேர்கிறது. அக்கோபத்தின் காரணத்தை ஆராய்ந்து பரிகாரம் கூறுதலே நமது நோக்கம்.

குற்றமும் அழகும்

நூலுக்குக் குற்றம் பத்து என்றும் அழகு பத்து என்றும் பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்கிட்டுக் கொடுத்திருப்பதைத் தமிழ் மாணவர் நன்கறிவர். குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கல்லோ, படிப்பவர் மாறுந்தோறும் இடம் பெயர்ந்துகொண்டேயிருக்கும் இயல்பினது. கையிலுள்ள சீட்டு ஒன்றை இறக்கி அதன் பலனை அடைக என்று ஒரு விதி எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பழகியவர் இதைச் சுருங்கச் சொல்லல் என்று மெச்சுவார். புதியவரோ, எந்தச் சீட்டு, யார் முன்னே இறக்குவது, பலன் இப்போதே கிடைக்குமா அடுத்த முறையிலா, இறக்கிய சீட்டு மீண்டும் கைக்கு வருமா என்று வரிசையாக வினவி, ஒன்றுக்கும் விடை காணாது, சீட்டைக் கடைசிவரை இறக்காமலே பிடித்துக்கொண்டிருப்பார். அவ்வினாக்களுக்கெல்லாம் விடை எழுதிச் சேர்த்தாலோ, பழகியவர் உடனே மிகைபடக் கூறல் என்னும் இரண்டாம் குற்றத்தைச் சாட்டுவார்.

கூறியது கூறல் என்னும் மூன்றாம் குற்றத்தின் கதி இன்னும் விசித்திரமானது. கிளௌஸ் டாய்பர் என்னும் ஜெர்மானியர் இயற்றி, 1995-ஆம் ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டே அந்நாட்டின் தலைசிறந்த விளையாட்டு என்னும் விருதையும் பெற்ற கட்டான் என்னும் ஆட்டத்தில், இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை ஏழானால் எவருக்கும் விளைபொருள் கிடையாது; ஏழு சீட்டுகளுக்கு மேல் கையில் வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும்; பிறகு பகடை உருட்டியவர் கொள்ளையன் என்னும் காயை வேறிடத்துக்கு நகர்த்தி, அங்கே குடியிருப்பவர் ஒருவரிடமிருந்து ஒரு சீட்டைப் பறிக்கலாம். இவ்விதி பகடையைப் பற்றியதா, சீட்டைப் பற்றியதா, கொள்ளையனைப் பற்றியதா? மூன்றையும் பற்றியது. ஓரிடத்தில் மட்டும் எழுதினால் மற்ற இரண்டு இடங்களில் தேடும் புதியவர் ஏமாறுவார். மூன்றிடத்திலும் எழுதினாலோ, ஓரிடத்தில் ‘ஏழுக்கு மேல்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஏழும் அதற்கு மேலும்’ என்றும் எழுதுவோன் கை தவறிவிட, மாறுகொளக் கூறல் என்னும் நான்காம் குற்றம் உள்ளே நுழைந்து, சரியாக ஏழு சீட்டு வைத்திருக்கும் அப்பாவி ஒருவரின் தலையில் விடியும். ஆகவே புதியவருக்கு இரங்கிச் சொன்னதையே திருப்பிச் சொல்லும் ஆசிரியர், பழகியவருக்கு வழக்காடத் தளவாடம் கொடுத்தவராகிறார் என்பது துணிபு.

உத்திகளின் துஷ்பிரயோகம்

நூல் யாப்போர்க்கு முப்பத்திரண்டு உத்திகள் உண்டு. அவற்றுள் உரைத்தும் என்றல், உரைத்தாம் என்றல் என்னும் இரண்டின்மீது விதிநூலாசிரியர்களுக்கு உள்ள மோகம் அளவிடற்கரியது. ஆறாம் பக்கத்தில் இதனைப் பதினான்காம் பக்கத்தில் உரைப்போம் என்பார்கள். பதினான்காம் பக்கத்தில் இதனை முன்னரே உரைத்தாம் என்பார்கள். இடையிலே விதி காணாமற்போய்விடும்.

பிறநூல் முடிந்தது தானுடன்படுதல் என்னும் உத்திக்கு அமெரிக்க தேசத்தில் ஓர் அரிய உதாரணம் கிடைக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றி, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டத்தை வாங்கியவர், சண்டை போடும் முறையை அறிய விரும்பினால், அதற்கு மூன்றாண்டுகள் முன்பு வெளியான செயின்மெயில் என்னும் வேறொரு நூலையும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போதாதென்று, ஆட்டத்துக்கு வேண்டிய உபகரணங்களின் ஜாபிதாவில், பகடை, காகிதம், பென்சில் முதலியவற்றோடு, பொறுமைசாலியான நடுவர் ஒருவரையும் சேர்த்திருந்தார்கள். அந்தச் சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை மட்டும் குறித்தார்களில்லை. மற்றவை உய்த்துணர வைப்பு.

மேஜையைச் சூழ்ந்த மாணாக்கர்

இனி, புதிய பெட்டி ஒன்று பிரிக்கப்படும் சனிக்கிழமை மாலையைச் சற்று அணுகி நோக்குவோம். சித்தப்பா புத்தகத்தை விரித்து உரக்க வாசிக்கிறார். ஏனையோர் அட்டையிலிருந்து காய்களைப் பிய்த்தெடுத்துக்கொண்டே கேட்கிறார்கள். இரண்டாம் பத்தி முடியுமுன் பிள்ளைகளிடையே பச்சைக் காய் யாருக்கு என்னும் தகராறு எழுகிறது. மூன்றாம் பத்தியில், “அதெல்லாம் இருக்கட்டும் சித்தப்பா, முதல்ல யார் ஆடறது? அதைச் சொல்லுங்க” என்கிறாள் ஒருத்தி. “இரும்மா, வந்துக்கிட்டே இருக்கு” என்று சித்தப்பா பக்கம் புரட்டுகிறார். ஆகவே விதிநூல் என்பது தனிமையில் அமர்ந்து கற்கப்படும் நூலன்று. ஒருவர் வாசிக்கப் பலர் அரைக்காதில் கேட்கும் சிரவண நூல். விதிநூலாசிரியர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் உண்மை இது.

கேட்போரை நன்னூலார் முன்னரே வகுத்துவிட்டார். வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளும் அன்னமும், இப்போது கேட்டுப் பிறகு அசைபோடும் பசுவும் மேஜையைச் சுற்றி அபூர்வமாகவே காணப்படுவர். சொன்னதையே சொல்லும் கிளி, “போன தடவை இப்படித்தானே ஆடினோம்” என்னும் ஒரே வாக்கியத்தோடு அமர்ந்திருக்கும். இங்கோர் இலை அங்கோர் இலை கடிக்கும் ஆடு, புத்தகத்தைப் பிடுங்கி நடுப்பக்கத்திலிருந்து ஒரு வரி படித்துவிட்டுக் கீழே வைக்கும். குளத்தைக் கலக்கிய பின்னரே குடிக்கும் எருமை, தெளிவாயிருந்த விதியின்மேல் சந்தேகம் கிளப்பிச் சபை முழுவதையும் குழப்பிய பிறகே பகடையைக் கையில் எடுக்கும். ஓட்டைக்குடத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை, அது “இப்ப என் முறையா?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

பூர்வபக்ஷம்

புதியவருக்கு ஒரு நூல், பழகியவருக்கு ஒரு நூல் என ஆளுக்கொன்றாக எழுதிவிட்டால் தொல்லை தீரும் என்று வாதிப்போர் உண்டு. மேற்சொன்ன டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு, ஜான் எரிக் ஹோம்ஸ் என்னும் நரம்பியல் பேராசிரியர் 1977-இல் ஆரம்ப நூல் ஒன்று தொகுத்தளித்தார். விதிநூலைத் திருத்த நரம்பு வைத்தியம் அறிந்தவரே முன்வந்தது தற்செயலா, விதியா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறோம். அந்நூல் மூன்றாம் படிவரை கைப்பிடித்து அழைத்துச் சென்று, அதற்கு மேற்பட்டதைப் பெரிய நூல்களில் காண்க என்று நிறுத்திக்கொண்டது. பாரிஸில் 1924-இல் தோன்றிய சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனமும் தன் சட்டத்தை முதல் ஐந்து பிரிவுகள் ஆட்டத்தின் அடிப்படை விதிகள், ஆறு முதலாயின போட்டி விதிகள் என்று இரு கூறாக்கி வைத்திருக்கிறது.

இது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினும் நிலைபெறாது. சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்னும் விதி அடிப்படைப் பகுதியிலேயே இருக்கிறது. ஆயினும் அது பாலருக்கு மட்டும் உரியதன்று, கிராண்ட்மாஸ்டர்களும் அதில் சிக்குண்டு விழிப்பதுண்டு. கடிகாரத்தைப் பற்றிய போட்டி விதியும் நிபுணருக்கு மட்டும் உரியதன்று. முதற்போட்டிக்கு வரும் சிறுவனையும் அது கட்டுப்படுத்தும். எனவே சம்மேளனம் பிரித்தது ஆளையன்று, சந்தர்ப்பத்தை. இவ்வளவேயன்றி, கட்டானைப் போன வருஷம் வாராவாரம் ஆடியவர் இவ்வருஷம் பெட்டியைத் திறக்கையில் புதியவரே. இன்று மாலை ஆறு மணிக்குப் புதியவராக அமர்ந்தவர், ஏழு மணிக்கு முதல் தகராறு மூண்டவுடன், “எழுதியிருக்கிறதைக் காட்டுங்க” என்று முழங்கும் சட்ட நிபுணராகிவிடுகிறார். புதியவர், பழகியவர் என்பன ஜாதிகளல்ல. ஒரே ஆத்மாவின் இரண்டு அவஸ்தைகள்.

சித்தாந்தம்

ஆதலின் விதிநூலைப் பகுக்க வேண்டியது படிப்பவரின் தகுதி நோக்கியன்று, படிக்கும் வேளை நோக்கியே என்பது நமது சித்தாந்தம். கற்கும் வேளை ஒன்று. வழக்காடும் வேளை மற்றொன்று. கற்கும் வேளைக்குரிய நூல் நிகழ்ச்சி முறையில் செல்ல வேண்டும்: பெட்டியைத் திற, பலகையை விரி, காயைப் பங்கிடு, இன்னார் முதலில் ஆடுக என்று, வாய்விட்டு வாசிக்கையில் கையும் உடன் இயங்குமாறு. வழக்காடும் வேளைக்குரியது அகராதி முறையில் அமைய வேண்டும். ஏனெனில் அவ்வேளையில் ஒருவர் பகடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருக்கிறார், மற்றவர் சீட்டை மேஜையில் அழுத்திப் பிடித்திருக்கிறார், மூன்றாமவர் விரல் பக்கங்களில் ஓடுகிறது. அந்த விரலுக்கு வேண்டியது கதையன்று, எழுத்து வரிசை. முன்னதில் கூறியது கூறல் குணம். பின்னதில் அது குற்றம். சூத்திரத்தை ஒருபுறமும் உரையை ஒருபுறமும் வைத்து வாழ்ந்த நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர்.

கட்டானின் பதிப்பாளர் இச்சித்தாந்தத்தை நாம் நிறுவுமுன்பே கடைப்பிடித்துவிட்டனர். அவ்வாட்டத்தில் விதிப் புத்தகம் ஒன்று, அகராதி வரிசையில் அமைந்த பஞ்சாங்கம் ஒன்று என இரண்டு உண்டு. முன்னதில் வரும் முக்கியச் சொற்களின் பக்கத்தில் சிறு அம்புக்குறி இட்டு, விளக்கம் வேண்டுவோர் பஞ்சாங்கத்துக்குப் போகலாம் என்று வழிகாட்டியிருக்கிறார்கள். வழக்கு வேளையின் எல்லையைக் காண விழைவோர், 1993-இல் தோன்றிய மாஜிக் தி கேதரிங் என்னும் சீட்டாட்டத்தின் முழு விதித் தொகுப்பை நாடுக. இருநூறு பக்கங்களைத் தாண்டிய அத்தொகுப்பில் ஒவ்வோர் உட்பிரிவுக்கும் எண்ணும் ஆங்கில எழுத்தும் இட்டு வருகையில், ஒன்று என்னும் எண்ணைப் போலவும் பூஜ்யத்தைப் போலவும் தோன்றும் ‘எல்’, ‘ஓ’ என்னும் இரு எழுத்துகளை அறவே தள்ளிவிட்டார்கள். மயங்க வைத்தல் என்னும் குற்றத்துக்கு இத்தனை நுட்பமாக அஞ்சியவரை இலக்கணிகளிடையேயும் எளிதில் காண இயலாது. சீட்டில் எழுதியிருப்பது நூல் விதியோடு முரணினால் சீட்டே வெல்லும் என்று அதே நூல் கூறுவதும், சிறப்பு விதி பொது விதியை விலக்கும் என்னும் நமது பழைய நியாயமேயன்றி வேறன்று.

புறனடை

எவ்வளவு செம்மையாக வைத்தாலும், தெரியும் என்று நம்புகிற விதியை எவரும் தேடிப் பார்ப்பதில்லை. பார்க்கர் சகோதரர் கம்பெனியார் 1935 முதல் விற்றுவந்த மொனாப்பலியில், ஒருவர் தாம் போய் நின்ற மனையை விலைக்கு வாங்க மறுத்தால், வங்கி அதனை அப்போதே ஏலம் விட வேண்டும் என்பது விதி. மறுத்தவரும் அந்த ஏலத்தில் கேட்கலாம். அநேக இல்லங்களில் இந்த ஏலம் நடப்பதேயில்லை. மனை விலைபோகாமல் கிடக்கிறது. ஆட்டம் நள்ளிரவைத் தொடுகிறது. பழி மட்டும் ஆட்டத்தின்மேல் விழுகிறது. ஆகவே கற்கும் வேளைக்குரிய நூலில், பலரும் பிழைபட ஆடும் விதி இது என்று ஓரிடத்தில் பட்டவர்த்தனமாக எழுதிவைத்தல் ஆசிரியரின் கடமை.

இரு நூல்களுக்கும் பொதுவாக நிற்க வேண்டிய வாக்கியம் ஒன்றே. புதியவர் கேட்கும் முதற்கேள்வியும் பழகியவர் கேட்கும் இறுதிக் கேள்வியும், ஜெயிப்பது யார் என்பதே. கட்டானில் தம் முறை நடக்கையில் பத்துப் புள்ளி உடையவர் ஜெயித்தவர். இதில் ‘பத்துப் புள்ளி’ என்பது புதியவருக்கு இலக்கு, ‘தம் முறை நடக்கையில்’ என்பது பழகியவருக்கு வழக்கு. இத்தகைய வாக்கியத்தைப் பெட்டி மூடியின் உட்புறத்திலேயே அச்சிட்டுவிடுதல் உத்தமம். ஏனெனில் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் தேடுவது விதிநூலை, தோற்றவர் தேடுவது மூடியை.