எண்பத்திரண்டுக்காரர்

பாரிஸிலோ லண்டனிலோ பழைய பிரெஞ்சு ஒயின்களைச் சுவைத்து மதிப்பிடக் கூடும் எந்தக் கூட்டத்திலும் இவரைத் தேடி அலைய வேண்டாம். கோப்பை கைக்கு வரும் முன்பே பாட்டிலின் லேபிளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டவர் யாரோ, அவர்தான். சடங்குகள் அதற்குப் பிறகு. காம்பைப் பிடித்து ஒயினைச் சுழற்றுவார். வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து ஓரத்து நிறத்தைப் பார்ப்பார். மூக்கை உள்ளே நுழைப்பார். ஒரு வாய் எடுத்துக் காற்றோடு உறிஞ்சிக் கொப்பளித்து வாளியில் துப்புவார். துப்பியதும் அருள்வாக்கு பிறக்கும்: "82 என்றால் 82தான்!" பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் 1982இல் விளைந்ததைத்தான் சொல்கிறார், சொந்த மச்சானைச் சொல்வதுபோல. 1961 என்றால் குரல் தாழ்ந்து பக்தி வரும். 1972 என்றால் கோப்பையையே தள்ளி வைப்பார். இந்த மூன்றையும் லேபிளை மறைத்து ஊற்றினால் மட்டும் அன்றைக்கென்று அவருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும்.

அவர் ருசிப்பது ஒயினை அல்ல, ஒயினைப் பற்றிப் படித்ததை என்பதே என் கட்சி. கண் சொல்வதை நாக்கு வழிமொழியும் என்பதற்கு போர்தோவிலேயே சாட்சி இருக்கிறது. அங்கே ஒயின் கலை படித்த 54 மாணவர்களிடம், மணமற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதை வருணித்தது பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால். 2001இல் இந்த ஆய்வு வெளிவந்தது. சாயம் இத்தனை செய்யுமானால், லேபிளில் அச்சிட்ட நான்கு இலக்கம் என்னதான் செய்யாது?

ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. கோடை கைவிட்டால் காபர்னே சோவின்யோன் திராட்சை சரியாகப் பழுக்காது, ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாடை அடிக்கும். 1991 ஏப்ரலில் விழுந்த உறைபனி போர்தோவின் விளைச்சலையே கருக்கியது. ஆனால் வானம் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 1964 அக்டோபரில் மழை கொட்டியபோது, முன்னதாகப் பழுக்கும் மெர்லோ திராட்சையை நம்பிய போர்தோவின் பொமரோல் பகுதியில் பெரும்பாலும் அறுவடை முடிந்திருந்தது; அதே போர்தோவின் மெதோக் பகுதியில் காத்திருந்தவர்கள் நனைந்த பழத்தைப் பறித்தார்கள். ஆகவே 1964 நல்ல ஆண்டா, கெட்ட ஆண்டா என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. நம்மவரிடம் உண்டு, அவர் பஞ்சாங்கத்தில் மழை என்று போட்டிருந்தால் வெயிலிலும் குடை பிடிப்பவர்.

முதிர்ச்சி என்பது அவருடைய அடுத்த கோட்டை. 1976இல் பாரிஸில் லேபிளை மறைத்து நடந்த போட்டியில் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். போர்தோவைப் பச்சைக் குழந்தையாக இருக்கும்போது எடை போடலாமா, முப்பது வருஷம் போகட்டும் என்று வாதம் எழுந்தது. நியாயமான வாதம். முப்பது வருஷமும் போயிற்று. 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே போயின.

இதனால் அவர் எதற்கும் ஆகாதவர் என்று தள்ளிவிடவும் முடியாது. ரூடி குர்னியவான் போலிப் பழைய ஒயின்களை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அவற்றைக் குடித்து உருகிய பெரிய நாக்குகள் உண்டு. 2008இல் குர்னியவான் வழியாக நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு, பொன்சோ என்ற ஒயின் தயாரிப்பாளர் குடும்பத்தின் பெயரில் 1945 முதல் 1971 வரையிலான 'க்ளோ சேன் தெனி' பாட்டில்கள் வந்தன. அந்தக் குடும்பத்து லொரான் பொன்சோ எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. தம் குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1982இல்தான் என்று சொல்லி அவற்றை ஏலத்திலிருந்து விலக்க வைத்தார். நாக்கு ஏமாந்த இடத்தில் ஆண்டுக் கணக்கு ஏமாறவில்லை. நம் ஆளுக்கும் இந்த வேலையைக் கொடுக்கலாம்: மூடி திறக்காத பாட்டில், பூதக்கண்ணாடி, பழைய கணக்குப் புத்தகங்கள். கோப்பையை மட்டும் ஜலதோஷம் பிடிக்காத வேறு யாரிடமாவது நீட்டிவிட வேண்டும்.