செம்பரம்பாக்கம் அடிக்கணக்கும் ஸ்கூபா முக்குளிப்பும்

ஆய்வு வினா: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் கடல் இல்லை. இருந்தும் எல்.டி.சி. (விடுப்புப் பயணச் சலுகை) எடுத்து அந்தமான் போகும் இவ்வூர்க் குடும்பங்கள், ஹேவ்லாக் தீவில் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு தயங்காமல் நீருக்குள் இறங்குகின்றன. இந்தத் தகுதி இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

முன்னாய்வுகள்: 1943-இல் மத்தியதரைக் கடலின் பிரெஞ்சுக் கரையில் கடலாய்வாளர் கூஸ்தோ இந்த ஸ்கூபா கருவியை அணிந்து மூழ்கினார். இன்று மால்டா, கோசோ தீவுகளுக்கு விடுமுறைக்குப் போவோர் அதே வழியில் மூழ்குகிறார்கள். அறிஞர் கவனம் அங்கேயே நின்றுவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

சான்று 1, ஆழ அறிவு: ஐப்பசி அடைமழை பிடித்தால் இப்பகுதியில் நலம் விசாரிப்பதற்கு முன் “ஏரி எத்தனை அடி?” என்றே கேட்பார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, அதாவது சுமார் 7.3 மீட்டர். நீருக்குள் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆகவே நிரம்பிய ஏரியின் அடியில் அழுத்தம் கரையிலிருப்பதைப்போல் 1.7 மடங்கு. புதியவர்கள் இறங்கக்கூடிய உச்ச ஆழம் 12 மீட்டர். ஒன்றரைச் செம்பரம்பாக்கத்துக்குச் சற்றே மேல். இதை உலக அலகாக ஏற்குமாறு பரிந்துரைக்கிறோம். (ஏரியில் களப்பணி செய்யவில்லை. அது குடிநீர்.)

சான்று 2, மரபு: ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான அஜேயா, பீஷ்மா டாங்கிகள், ஸ்நார்கல் குழாயைப் பொருத்திவிட்டால் ஐந்து மீட்டர் ஆழமுள்ள ஆற்றின் அடியில் ஊர்ந்து அக்கரை ஏறும். நாற்பது டன்னுக்கு மேற்பட்ட இரும்பே மூழ்கி எழும் ஊரில், எழுபது கிலோ கணக்காளர் அஞ்சுவது முறையன்று.

மறுப்பு 1, கூவம்: ஸ்கூபாவின் தலையாய விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. நாறும் கூவம் ஆற்றின் பாலத்தை நாள்தோறும் மூச்சடக்கியே கடக்கும் மேற்குப் புறநகர்வாசிக்கு இது பெருந்தடை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் மூச்சடக்கினார்களே என்று வாதிடலாம். அவர்கள் கொண்டுபோனது கரைக்காற்று. ஆழத்தில் சுருங்கி, மேலே வருகையில் பழைய அளவுக்கே திரும்பும். உருளைக்காரர் இழுப்பதோ ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடான காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலேறினால் காற்று விரியும், நுரையீரல் கிழியும்.

மறுப்பு 2, கட்டைவிரல்: மீனைக் கண்ட மகிழ்ச்சியில் நம்மவர் கட்டைவிரலை உயர்த்துவார். நீருக்குள் அதற்கு “மேலே போகலாம்” என்று பொருள். பயிற்சியாளரும் மேலே கொண்டுவந்து விட்டுவிடுவார். நலமாக இருக்கிறேன் என்று காட்ட, தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரைபோல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். பிரதோஷத்துக்குத் தவறாமல் போகிறவர்கள் இதில் முதலிடம் பெறுவார்கள் என எதிர்பார்க்கலாம்.

முடிவு: மேற்குப் புறநகர்வாசிக்கு ஆழ அறிவு உண்டு, மூச்சறிவு போதாது. கூவம் பழக்கத்தைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்கினால் அவர் தேறிவிடுவார். பயணத் திட்டம் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். முக்குளித்தபின் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறுங்கள். அந்தக் கடைசி நாளைக் கடைத்தெருவுக்கு ஒதுக்குங்கள். வீட்டில் எவரும் எதிர்க்க மாட்டார்கள்.