சக்கரைக்கும் வேர்க்கும், சாக்கிரதை!

வாடி கண்ணு. புள்ளைக்கு மொதப் பொறந்தநாளு, கேக்கு நானே செய்யறன், அதுக்கு மேல போத்தற சக்கரைப் போர்வை, அந்த ஃபாண்டன்ட்டும் நானே பிசையறன்னு நீ சொன்னது விழுப்புரம் பூரா பரவிடுச்சு. திண்டிவனத்துல உன் மாமியாருக்கும் சேதி போயிடுச்சு. அந்தம்மா ரெண்டு கிலோ பால்கோவாவுக்கு இப்பவே சொல்லி வச்சிட்டாங்களாம். உம்மேல நம்பிக்கை இல்லாம இல்ல, சும்மா ஒரு முன்ஜாக்கிரதை.

நான் கேக்கு சுட்டவன் இல்ல. விக்கிரவாண்டிப் பக்கம் ஆலக்கொட்டாயில வெல்லம் காய்ச்சினவன். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போனது போக மிச்சக் கரும்புல பொழப்பு நடத்தினவன். அதனால கேக்கைப் பத்தி வாயத் தெறக்க மாட்டன், சக்கரையைப் பத்தி மட்டும் பேசுவன். அதுக்கு ஒரே ஒரு கொணம்: தண்ணி எங்க இருந்தாலும் இழுத்துக்கும். காத்துல இருக்கிற ஈரத்தைக்கூட விடாது. இது புரிஞ்சவன் கையை நம்பி எறங்குவான். புரியாதவன் செல்போனை நம்பி எறங்குவான்.

உன் செல்போன்ல செஞ்சு காட்டற பொண்ணு ஏசி ரூம்ல நிக்குது, மூஞ்சியில ஒரு சொட்டு வேர்வை இல்ல. நீ செய்யப்போறது ஐப்பசி மாசம். மழை எறங்கினா மரக்காணத்து உப்பளக்காரனே வேலையை நிறுத்திட்டு வூட்டுக்குப் போயிடறான். அந்த நேரம் பாத்து நீ சக்கரையைப் பிரிச்சுக் கொட்டற. தைரியசாலிதான்!

சீமையில மொதல்ல ஃபாண்டன்ட்டுன்னா அது காய்ச்சற சமாச்சாரம். பாகை 115 டிகிரி வரைக்கும் ஏத்தி, ஆறினதும் துடுப்பு போட்டு அடி அடின்னு அடிச்சா வெள்ளையாத் தெரளும். ஒரு சொட்டைப் பச்சத்தண்ணியில விட்டா உருட்ட வரணும், அந்தப் பதம். அது எங்களுக்கும் தெரிஞ்ச பதம்தான். நம்ம பக்கம் கல்யாணச் சீருக்குச் சக்கரைப் பொம்மையை மர அச்சுல வாத்து எடுப்பாங்க. இப்ப நீ செய்யறது உருட்டிப் போத்தறது, பாகு காய்ச்சவே தேவையில்லை. அதான் ஆளாளுக்குத் துணிஞ்சிட்டீங்க.

நீ எழுதி வச்ச துண்டுச் சீட்டை நானும் பாத்தன். ஐசிங் சக்கரை 900 கிராம், ஜெலட்டின் 1 மேசைக்கரண்டி, பச்சத்தண்ணி கால் கப்பு, லிக்விட் குளுக்கோஸ் அரை கப்பு, கிளிசரின் 1 மேசைக்கரண்டி, டால்டா 2 மேசைக்கரண்டி. கணக்கு சரியாத்தான் இருக்குது. ஜெலட்டினைத் தண்ணியில அஞ்சு நிமிசம் ஊற வுடு. அப்புறம் சுடுதண்ணிக்குள்ள கிண்ணத்தை வச்சுக் கரை, கொதிக்க வுட்டா அதோட பிடிமானம் போயிடும். குளுக்கோசும் கிளிசரினும் சும்மா அழகுக்கு இல்ல. போத்தினது வெறைச்சுப்போகாம மெத்துனு வச்சிருக்கிறதே அதுங்கதான்.

ஜெலட்டின் எதுலேருந்து வருதுன்னு தெரியுமில்ல? மாட்டுத்தோலு, எலும்பு, பன்னித்தோலு. உன் நாத்தனார் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போறவ, கவிச்சி தொடாதவ. சொல்லாம குடுத்துட்டு அப்புறம் அங்காளம்மனுக்குப் பதில் சொல்லாத. கடப்பாசி போட்டும் பிசையறாங்க. ஆனா அது கொதிச்சாத்தான் கரையும், ஆறினா சட்டுனு எறுகிடும். ரெண்டுக்கும் ஒரே பக்குவம்னு நெனச்சியோ, சட்டியும் போச்சு, சக்கரையும் போச்சு.

மிக்சியில அரைச்ச சக்கரையே போதும்னு உன் புருசன் சொல்லுவான். காசு விசயத்துல மட்டும் அவன் பெரிய விஞ்ஞானி. அரைச்சா மல்லுத்துணியில சலி. நறநறன்னு இருந்தா போத்தும்போது கிழியும். கடைச் சக்கரையில கட்டி தட்டாம இருக்கக் கொஞ்சம் சோள மாவு கலந்திருப்பாங்க, நீயும் கலந்துக்க. பிசையும்போது கையில ஒட்டுதுன்னு பயந்து சக்கரையா அள்ளிக் கொட்டாத. அந்த நேரத்துக்கு ஒட்டாது, போத்தினதும் சித்திரை மாசத்து ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிக்கும். கையில டால்டாவைத் தடவிக்கிட்டுப் பொறுமையாப் பிசை. அப்புறம் காத்துப் புகாமச் சுத்தி ராத்திரி முழுக்க வுட்டுடு. நீயும் தூங்கு, அதுவும் தூங்கட்டும்.

கலருக்கு ஜெல் வாங்கு. தண்ணிக் கலரு ஊத்தினா பிசுபிசுன்னு போயிடும். யானை பொம்மை வேற வைக்கப்போறியாமே? அதுக்கு எடுக்கற உருண்டையில மட்டும் எறுக வைக்கிற சி.எம்.சி. தூள் ஒரு சிட்டிகை சேத்து, ரெண்டு நாளு முன்னாடியே செஞ்சு காய வுடு. இல்லன்னா கேக்கு திண்டிவனம் போய்ச் சேரும்போது யானை படுத்துக்கும், பன்னின்னு சொல்லித்தான் சமாளிக்கணும்.

முக்கியமான சேதி இனிமேதான். நம்ம ஊரு பேக்கரி கேக்குல பூசற கிரீமு மேல இதைப் போத்தாத. கிரீம்ல இருக்கிற தண்ணியைச் சக்கரை இழுக்கும், போத்தினது கரைஞ்சு வழியும். 2 பங்கு கறுப்பு சாக்லேட்டு, 1 பங்கு கிரீமு போட்டு கனாஷ் செஞ்சு பூசு, எறுகட்டும். அதுக்கு மேல 3, 4 மில்லிமீட்டர் கனத்துல போத்து. ஃபிரிட்ஜில வச்சு வெளிய எடுத்தியோ, உன்னைவிட அதுக்கு அதிகமா வேர்க்கும். அட்டைப் பெட்டியில வச்சு, வெய்யில் ஏறறதுக்கு முன்னாடி கெளம்பு. வேகத்தடை எங்கெங்க இருக்குதுன்னு உன் புருசனுக்கு இப்பவே ஞாபகப்படுத்து.

இவ்ளோ பாடுபட்டுப் போத்தினதைக் கொழந்தைங்க இன்னா பண்ணும்னு நெனக்கற? உரிச்சுத் தட்டோரமா வச்சிட்டு உள்ள இருக்கிறதைத் தின்னும். அதனால மேல போத்தற சட்டைக்கு மூணு நாளு, கேக்குக்கு மூணு நிமிசம்னு வேலை பாக்காத. உள்ள இருக்கிறது நல்லா வரணும்.

கடைசியா ஒண்ணு, காதைக் கிட்டக் கொண்டா. மொதத் துண்டை மாமியாருக்குக் குடு, போத்தினது தடிப்பா மடிஞ்சிருக்கிற அடிப்பக்கமாப் பாத்து வெட்டு. அது ஜவ்வுனு பல்லுல ஒட்டும், வாயைத் தெறக்கக் கொஞ்ச நேரமாகும். நீ பட்ட பாட்டையெல்லாம் அதுக்குள்ள சொல்லி முடிச்சிடு.