தண்ணீர் லாரியும் நாற்பது காலை வணக்கங்களும்

சென்னைப் புறநகர் அபார்ட்மென்டுக்கு மே மாதத்தில் தண்ணீர் லாரி வருவது ஏறக்குறைய மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. சம்ப் மூடியைத் திறக்க ஒருவர் வேண்டும், குறுக்கே நிற்கும் காரை எடுக்க ஒருவர், லாரி நிறையத்தான் இருக்கிறதா என்று ஏறி எட்டிப் பார்க்க ஒருவர், காசு கொடுக்க ஒருவர். லாரிக்காரர் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார். அடுத்த தெருவில் அவருக்கு இதைவிட மரியாதை அதிகம்.

அப்படி ஒரு லாரி காலை ஏழே காலுக்கு வந்து நின்றது. வாட்ச்மேன் கடமை தவறாதவர். குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் உடனே போட்டார்: "தண்ணி வண்டி வந்துருச்சு. 2பி சார் கார் எடுக்கவும்." அதற்கு மேலே ரோஜாப்பூ, அன்னம், காபிக் கோப்பை, மலைக்கு நடுவே உதிக்கும் சூரியன் (கட்சிச் சார்பற்றது). கீழே இன்னும் நாலு ரோஜா, ஒரு முருகன், சர்க்கரை நோய்க்கு வெண்டைக்காய்த் தண்ணீர். மொத்தத்தில் நாற்பது காலை வணக்கங்களுக்கு நடுவே ஒரு லாரி. 2பி சார் அந்தக் குரூப்பை 'எப்போதும்' என்ற கணக்கில் மியூட் செய்து வைத்திருந்தார். அவர் பல் தேய்த்து, குளித்து, கடைசிச் சொம்போடு தண்ணீர் நின்றுபோய், தலையில் ஷாம்பூவோடு போனை எடுத்துப் பார்த்தபோது லாரி அடுத்த தெருவில் மரியாதை பெற்றுக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் அவசரக் கூட்டம். பொருள்: குரூப் நோட்டிஃபிகேஷனால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா? சமோசாவும் டீயும் உண்டு என்று குரூப்பில் போட்டிருந்ததால் கோரம் உடனே சேர்ந்துவிட்டது. மியூட் போட்டவர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி மட்டும் எப்படிக் கேட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை.

செயலாளர் சொன்ன யோசனை, அட்மின்கள் மட்டுமே பேசலாம் என்று குரூப்பை மாற்றிவிடுவது. வாட்ஸ்அப் 2018-லேயே இந்த வசதியைக் கொடுத்துவிட்டது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் எழுந்தார். "அதுக்கு நோட்டீஸ் போர்டே இருக்கே சார், போன் எதுக்கு?" ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்றாம் மாடிப் பையன் இன்னும் ஒரு படி மேலே போனான்: "எல்லாரும் நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடலாம் அங்கிள். வேணும்கிறப்ப நாமளே போய்ப் பார்த்துக்கலாம்." முதல் மாடி மாமி சமோசாவைக் கீழே வைத்தார். "பார்க்க வேண்டிய நேரம் வந்துடுத்துன்னு யாருப்பா சொல்லுவா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் தொழில்நுட்ப உலகம் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கோடிக்கணக்கில் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

ஆரம்பத்தில் பிரச்சினை மனிதர்களுடைய கவனம் அல்ல, பேட்டரி. 2008 ஜூனில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்காட் ஃபோர்ஸ்டால் மேடையேறி, ஐபோனில் ஒவ்வொரு செயலியும் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது என்று விளக்கினார். அதற்குப் பதில், போனுக்கும் ஆப்பிள் சர்வருக்கும் இடையே ஒரே ஒரு இணைப்பு திறந்திருக்கும். எந்தச் செயலிக்குச் சேதி வந்தாலும் அந்த ஒரே வாசல் வழியாக வந்து கதவைத் தட்டும். செப்டம்பரில் வந்துவிடும் என்றார். வந்தது 2009 ஜூனில். அறிவிப்பு வரப்போகிறது என்ற அறிவிப்புக்கே ஒன்பது மாதத் தாமதம் என்பதை அசோசியேஷன் செயலாளர்கள் ஆறுதலுக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அதே நேரத்தில் ஜான் கூம் என்பவர் வாட்ஸ்அப் என்று ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். அது அரட்டைக்கானது அல்ல. பெயருக்குப் பக்கத்தில் 'ஜிம்மில் இருக்கிறேன்', 'பேட்டரி தீரப்போகிறது' என்று நிலவரம் போட்டுக்கொள்ள மட்டும். ஆப்பிளின் புது வசதி வந்ததும், ஒருவர் நிலவரத்தை மாற்றினால் அவருடைய நண்பர்கள் போனெல்லாம் டிங் என்றது. டிங் என்றால் மனிதன் சும்மா இருப்பானா? ஒருவர் 'தூங்கிப்போய்விட்டேன், இதோ கிளம்பிவிட்டேன்' என்று நிலவரம் போட, இன்னொருவர் தன் நிலவரத்தில் அதற்குப் பதில் போட, நிலவரப் பலகை பேச்சு மேடையாகிவிட்டது. கூம் அதைக் கவனித்தார். செய்தி அனுப்பும் செயலியாகவே மாற்றிவிட்டார். டிங் பிறந்த பிறகுதான் வாட்ஸ்அப் இன்றைய வாட்ஸ்அப் ஆனது. அந்த டிங் தொல்லையென்று அந்த வாட்ஸ்அப்பிலேயே புகார் எழுதுகிறார்கள். அந்தப் புகாரும் டிங் என்று வந்து விழுகிறது.

ஐ.டி. பையன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஒன்றைக் காட்டினார்கள்: கவனம் தேவைப்படும் வேலையில் இருப்பவரின் போன் ஒலித்தாலோ அதிர்ந்தாலோ போதும், அவர் அதைத் தொடாவிட்டாலும் தப்புகள் கூடுகின்றன. அதாவது, எடுத்துப் பார்க்காமல் கட்டுப்பாடாக இருந்தேன் என்று பெருமைப்படுபவருக்கும் நஷ்டம் நஷ்டம்தான். என்ன செய்தியோ என்று மனசு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுகிறது.

ஆஃப் செய்துவிட்டால்? மார்ட்டின் பீலோட், லூஸ் ரெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 30 பேரைப் பிடித்து, ஒரு நாள் முழுக்க எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணைக்கச் சொன்னார்கள். 2017-ல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது: வேலை நடந்தது, பதற்றமும் கூடியது, தனிமையும் சேர்ந்தது. முக்கியமான சேதி எதையாவது விட்டுவிட்டோமோ என்று சிலர் போனை அடிக்கடி எடுத்துப் பார்த்தார்கள். டிங் இல்லாத வீட்டில் மனுஷனே டிங்காகிவிடுகிறான்.

இன்னொரு ஆய்வு இந்தியாவிலேயே நடந்தது, 2019-ல் வெளியானது. நிக்கலஸ் ஃபிட்ஸும் சகாக்களும் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, சிலருக்கு வழக்கம்போல உடனுக்குடன், சிலருக்கு மணிக்கொரு முறை, சிலருக்கு நாளைக்கு மூன்று வேளை, சிலருக்கு அறவே இல்லை என்று இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். அறவே இல்லாதவர்களுக்குப் பெரிய நிம்மதி எதுவும் கிட்டவில்லை, பதற்றம்தான் ஏறியது. மூன்று வேளைக்காரர்கள் மனசு லேசாகி, வேலையும் ஓடி, நாள் தங்கள் கையில் இருப்பதாக உணர்ந்தார்கள். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதுகிற கணக்குத்தான்: காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்குப் பின்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். மாமி மட்டும் கேட்டார்: "ஏழே கால் மணி லாரியை மத்தியானம் சாப்பிட்டப்புறம் சொன்னா, குடத்தை எங்க வைக்கறது?"

அங்கேதான் சிக்கல். மூன்று வேளைக்குக் காத்திருக்கக்கூடிய ரோஜாவும், பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காத லாரியும் ஒரே குரலில் கூப்பிடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். எந்தத் தெருவுக்குப் படகு வருகிறது, எந்த வீட்டு மாடியில் வயதானவர்கள் இருக்கிறார்கள், எங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஓடியது; அந்தச் செய்திகளை வைத்து மீட்கப்பட்டவர்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் நீந்துகின்றன என்ற செய்தியும் அதே டிங்கோடு வந்தது. எல்லா முதலைகளும் பத்திரமாக உள்ளேதான் இருக்கின்றன என்று பண்ணையே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. கரண்ட் இல்லாமல், பத்து சதவீத பேட்டரியோடு மொட்டை மாடியில் நின்றவர் எந்த டிங்கைத் திறப்பது?

ஒரு காலத்தில் செய்தி சொல்ல, சொல்பவருக்குச் செலவானது. மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாவைப் புகார் நகரத்துக்கு அறிவிக்க முரசை யானைமேல் ஏற்றுகிறார்கள். காலை வணக்கம் சொல்ல யாரும் யானையை அவிழ்க்க மாட்டார்கள். தந்திக்கு வார்த்தைக்கு வார்த்தை காசு. ஆகவே வீட்டு வாசலில் தந்திக்காரர் நின்றால் பிரிப்பதற்கு முன்பே அழுகை ஆரம்பித்துவிடும். வேலை கிடைத்த தந்திக்கும் அழுதிருக்கிறார்கள். அந்தச் சேவையும் 2013 ஜூலையோடு நின்றுபோனது. கிராமத்துத் தண்டோராவுக்கு ஒருவர் தெருத் தெருவாக நடக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோராவைத் தடை செய்து, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஊருக்கே சேதி சொல்லும் வேலையை ஒரு சாராரின் தலையில் மட்டும் கட்டிவைத்திருந்த வழக்கம் போனது நல்லதே.

இப்போது கணக்குத் தலைகீழ். அனுப்புகிறவருக்கு ஒரு விரல் அசைவு. அந்த அபார்ட்மென்ட் குரூப்பில் வாங்குகிற 84 பேருக்கும் எண்பத்து நாலு தலைத் திருப்பல்கள். வாட்ஸ்அப் குரூப்பில் 256 பேர் என்றிருந்த உச்சவரம்பு, 2022-ல் முதலில் 512 ஆகி, அதே வருடம் 1024-ம் ஆகிவிட்டது. இந்தியக் காலை வணக்கப் படங்கள் போன்களை அடைத்துக்கொண்டதைக் கூகுள் ஆராய்ந்து, அவற்றைத் தேடிப் பிடித்து அழிக்கும் வசதியைத் தன் ஃபைல்ஸ் செயலியில் 2018 வாக்கில் சேர்த்தது. உலகத்தில் வேறெந்த நாட்டு மரியாதைக்கும் இப்படி ஒரு துடைப்பம் செய்ய வேண்டி வந்ததாகத் தெரியவில்லை.

அலுவலகங்கள் பயன்படுத்தும் ஸ்லாக் செயலி கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் செய்தது. மொத்தக் குழுவையும் எழுப்பும்படி செய்தி போட்டால், இத்தனை பேரை இத்தனை நேர மண்டலங்களில் தொந்தரவு செய்யப்போகிறீர்கள், சரிதானா என்று கேட்கும். அலுவலகத்தில் இந்தக் கேள்விக்குக் கை கொஞ்சம் தயங்கும். அபார்ட்மென்ட் குரூப்பில் 'இந்த ரோஜா 84 பேரை எழுப்பும், அனுப்பலாமா?' என்று கேட்டால், வங்கி மேலாளர் ஆச்சரியத்தோடு "எண்பத்து நாலு பேரா? பரவாயில்லையே" என்று இன்னும் ஒரு ரோஜாவைச் சேர்த்துத் தட்டிவிடுவார்.

அரசாங்கமும் தனி டிங் ஒன்று செய்து பார்த்தது. பேரிடர் எச்சரிக்கைக்காக 2023-ல் தொலைத்தொடர்புத் துறை நாடெங்கும் சோதனைச் செய்தி அனுப்பியதே, ஞாபகம் இருக்கிறதா? போன் சைரன்போல அலறியது. பஸ்ஸில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் தங்கள் பையை முறைத்தார்கள். வேறு சத்தம், அபூர்வமாக வரும் சத்தம், அதனால் ஒருவரும் தவறவிடவில்லை. அடுத்த பத்து நிமிடம் குரூப்பில், "எனக்கு வந்துச்சு, உங்களுக்கு வந்துச்சா?"

கூட்டம் இரண்டு மணி நேரம் ஓடி, சமோசா தீர்ந்த பிறகு, தீர்மானம் எதுவும் இல்லாமல் முடிந்தது. வழி கண்டுபிடித்தது பொருளாளர். குரூப்பை மியூட் செய்திருந்தாலும், ஒருவர் பெயரைக் குறிப்பிட்டுச் செய்தி போட்டால் அவர் போன் மட்டும் ஒலிக்கும் என்பதை அவருடைய பேத்தி சொல்லிக்கொடுத்தாள். வாட்ச்மேனும் அன்றே கற்றுக்கொண்டார். மறுநாள் லாரிக்கு 2பி சார் பெயரைத் தட்டினார். நாலு நிமிடத்தில் கார் வெளியே. மற்ற 83 பேரும் மியூட்டில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பொருளாளர் அதோடு விடவில்லை. மாதக் கடைசியில் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருந்த பதினோரு வீட்டையும், ஒவ்வொருவர் பெயராகத் தொட்டு, தொகையோடு குரூப்பில் போட்டார். வருடக்கணக்கில் மௌனமாக இருந்த எண்களெல்லாம் மூன்று நிமிடத்தில் உயிர் பெற்றன. "அனுப்பியாச்சே சார்", "ஸ்கிரீன்ஷாட் தனியா போடறேன்", "பேரைப் போட்டது தப்பு சார்". அன்று ராத்திரியே இரண்டு பேர் குரூப்பை விட்டுச் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். அப்படிப் போனால் யாருக்கும் சொல்லமாட்டோம், அட்மினுக்கு மட்டும் சொல்வோம் என்று வாட்ஸ்அப் 2022-ல் உறுதி கொடுத்திருக்கிறது. அட்மின், பொருளாளர்தான்.